சபை வெப்சைட் மக்கர் பண்ணினால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயில் மணி அடிக்கும். ஏழு ஐந்துக்கு என் போன் அடிக்கும். "ஏனுங்க தம்பி, வெப்சைட்டு வர மாட்டீங்குதுங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்கு ஆறேழு அர்த்தம் இருக்கிறது என்பது போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது. பக்கமே திறக்கவில்லை, சிவப்பாக எச்சரிக்கை வருகிறது, லைவ் ஓடவில்லை, தமிழ் கிறுக்கலாகத் தெரிகிறது, போன வாரத்து அறிவிப்பே நிற்கிறது. எல்லாமே "வர மாட்டீங்குது"தான்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கோபி பக்கத்தில் எங்கள் சபைக்கு வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் கட்டும் கருவியில் நானே ஒரு வெப்சைட் கட்டினேன். அதைப் பார்த்துவிட்டு பவானி, தாராபுரம், பொள்ளாச்சி என்று வேறு சபைக்காரர்களும் அவரவர் தளத்தை அவரவரே கட்டிக்கொண்டார்கள். கட்டும்போது யாரும் கூப்பிடவில்லை, கெட்டுப்போகும்போது கூப்பிடுகிறார்கள். அந்த அழைப்புகளைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில், அதாவது பல தளங்கள் பங்கிட்டுக்கொள்ளும் வாடகை இடத்தில், ஓடும் வேர்ட்பிரஸ் தளத்தை மனதில் வைத்து எழுதியது. வேறு கருவியில் கட்டியிருந்தாலும் பாதிக்கு மேல் பொருந்தும்.

எதையும் தொடுவதற்கு முன்னால் மூன்று காரியம் செய்யுங்கள். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் போனிலும் திறந்து பாருங்கள். ஒரே ஒரு போனில் மட்டும் கோளாறு என்றால் வெப்சைட்டில் ஒன்றும் இல்லை. சபைச் செயலரின் போனில் மட்டும் வரவில்லை என்பதற்காக ஹோஸ்டிங் முழுவதையும் நோண்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்தவன் நான்.

"எந்தப் போன்லயும் வரலைங்க"

திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பாதி விடை. முகவரியையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் கோளாறு டொமைனில், அதாவது நீங்கள் வாங்கிய முகவரிப் பெயரில். 500, 503 என்று எண் வந்தால் ஹோஸ்டிங்கில், அல்லது அதில் ஓடும் வேர்ட்பிரஸில். உங்கள் சபைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ விளம்பரம் போட்டிருந்தால், அல்லது இந்தப் பெயர் விற்பனைக்கு என்று வந்தால், டொமைன் காலாவதி ஆகிவிட்டது.

டொமைன் நிலையைப் பார்க்க 'ஹூ இஸ்' தேடல் பக்கம் ஏதாவது ஒன்றில் உங்கள் முகவரியைப் போடுங்கள். காலாவதித் தேதியும், நிலை என்ன என்று ஒரு வரியும் காட்டும். 'கிளையன்ட் ஹோல்ட்' என்றால் பெயரை விற்ற நிறுவனம் நிறுத்தி வைத்திருக்கிறது. பணம் கட்டாதது ஒரு காரணம். இன்னொன்று புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது: டாட் காம், டாட் ஆர்க் போன்ற பெயரை வாங்கினால் 15 நாளுக்குள் மெயிலில் வரும் இணைப்பை அழுத்தி முகவரியை உறுதி செய்ய வேண்டும். விளம்பர மெயில் என்று நினைத்து விட்டுவிட்டால் பதினாறாம் நாள் வெப்சைட் படுத்துவிடும். இணைப்பைத் திரும்ப அனுப்பச் சொல்லி அழுத்தினால் அநேகமாக அன்றே எழுந்துவிடும்.

'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்று காட்டினால் அவசரம். காலாவதிக்குப் பிறகு வழக்கமான விலைக்கே புதுப்பிக்கச் சில நாட்கள் விடுவார்கள், எத்தனை நாள் என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. அதையும் தாண்டினால் 30 நாள் இந்த நிலை. பழைய உரிமையாளர் மட்டும் மீட்கலாம், ஆனால் அபராதம் புதுப் பெயர் வாங்குவதைப் போலப் பல மடங்கு. அப்புறம் 5 நாள் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆறாம் நாள் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். சபைப் பெயரில் சூதாட்டப் பக்கம் வருவது இப்படித்தான்.

காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் மெயில் அனுப்ப வேண்டும் என்று விதியே இருக்கிறது. அனுப்பவும் செய்கிறார்கள். யாருக்கு?

எங்கள் தளத்துக்கு முன்னால் சபைக்கு ஒரு பழைய வெப்சைட் இருந்தது. வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவன் கல்லூரியில் படிக்கும்போது கட்டிக் கொடுத்தது. டொமைனை அவன் கல்லூரி மெயிலில், அவன் நம்பரில் வாங்கியிருந்தான். படிப்பு முடிந்ததும் கல்லூரி அந்த மெயிலை மூடிவிட்டது. வேலைக்கு வெளிநாடு போனவன் நம்பரையும் விட்டுவிட்டான். நாங்கள் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று அழுத்தினால் ஓடிபி அந்தப் பழைய நம்பருக்குப் போகிறது. அந்த நம்பர் இப்போது காங்கேயம் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம். கூப்பிட்டுக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஏனுங்க, ஓடிபி கேட்டா யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல இருந்தே மெசேஜ் வருதல்லங்க?" என்றார். அவர் பக்கம்தான் நியாயம். கடைசியில் சபை லெட்டர்பேடில் ஆயர் கையெழுத்தும் முத்திரையும், அந்தத் தம்பியின் அடையாள அட்டை நகலும் வைத்து நிறுவனத்துக்கு அனுப்பி, பெயர் எங்கள் கைக்கு வர 11 நாள் ஆனது.

ஆகவே இன்றைக்கே உங்கள் டொமைன் கணக்கைத் திறந்து பாருங்கள். உரிமையாளர் பெயராகச் சபை இருக்க வேண்டும். மெயில் சபைக்கென்றே தொடங்கியதாக இருக்க வேண்டும். மீட்பு நம்பர் இரண்டு பேருடையது: ஒன்று செயலர், இன்னொன்று அடிக்கடி பொறுப்பு மாறாத யாராவது. பாஸ்வேர்டைக் கமிட்டி மினிட்ஸில் எழுத வேண்டாம், யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். பாஸ்வேர்ட் எழுதிய தாளை உறையில் ஒட்டி, ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்கும் இரும்புப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். சபையில் எது தொலைந்தாலும் அந்தப் பெட்டி தொலையாது.

ஆட்டோ ரினியூவல் போட்டாச்சு என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கார்டு காலாவதி ஆனாலோ, தானாகப் பணம் எடுக்க வங்கியில் மேண்டேட் ஒப்புதல் இல்லாவிட்டாலோ பணம் போகாது. ஒரே தடவையில் 10 வருடம் வரை கட்டலாம். கமிட்டியில் அதற்கு ஒப்புதல் வாங்குவது கஷ்டம்தான், ஐந்து வருடத்துக்காவது கேளுங்கள்.

"வெள்ளையா வருதுங்க, ஒண்ணுமே இல்லைங்க"

யாரோ 'அப்டேட்' பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். பதறாதீர்கள். 2019-க்குப் பிந்தைய வேர்ட்பிரஸ் பதிப்புகளில் இப்படி ஆனால் அட்மின் மெயிலுக்கு ஒரு மீட்பு இணைப்பு வரும். அதன் வழியாக உள்ளே போய், எந்தப் பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்த்த நிரல்) தகராறு செய்கிறதோ அதை நிறுத்தலாம். மெயில் வரவில்லை என்றால் ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'பிளகின்ஸ்' ஃபோல்டருக்கு வேறு பெயர் வையுங்கள். தளம் எழுந்துவிட்டதா? அட்மினில் பிளகின் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, ஃபோல்டருக்குப் பழைய பெயரையே திரும்ப வையுங்கள். பிறகு ஒவ்வொரு பிளகினாக இயக்குங்கள். எதை இயக்கியதும் படுக்கிறதோ அதுதான் ஆள்.

500 வந்தாலும் இதே வைத்தியம். கூடவே ஹோஸ்டிங்கில் இடம் நிரம்பிவிட்டதா என்றும் பாருங்கள். வாராவாரம் எடுக்கும் பேக்கப் அதே இடத்தில் குவிந்து, தளத்தையே மூச்சு முட்ட வைத்திருக்கும்.

"பாதுகாப்பில்லைன்னு சொல்லுதுங்க"

முகவரிக்குப் பக்கத்தில் இப்படி வந்தால், தளத்துக்கும் பிரவுசருக்கும் நடுவில் போவதைப் பிறர் படிக்காமல் காக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் இல்லை அல்லது காலாவதி. எச்டிடிபிஎஸ் (அந்தச் சான்றிதழோடு திறக்கும் முகவரி) இல்லாத தளங்களை எல்லாம் குரோம் 2018 ஜூலையிலிருந்தே இப்படிக் காட்டுகிறது. இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ் இலவசம், பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரு பொத்தானில் போட்டுவிடலாம். அது 90 நாளுக்குத்தான் செல்லும், தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரியாக இந்த எச்சரிக்கை வந்தால் அந்தத் தானியங்கிப் புதுப்பிப்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

சான்றிதழ் சரியாக இருந்தும் ஏதோ ஒரு படம் மட்டும் வராவிட்டால், அந்தப் படம் பழைய எச்டிடிபி முகவரியில் இருக்கலாம். பழைய தளத்திலிருந்து எடுத்து ஒட்டிய கோயில் படம்தான் பெரும்பாலும். ஒரே ஒரு போனில் மட்டும் சிவப்பு எச்சரிக்கை என்றால் அந்தப் போனில் தேதியைப் பாருங்கள். பேட்டரி செத்துப் பிழைத்த போன்கள் பழைய தேதியில் நிற்கும், சான்றிதழே செல்லாது என்று சொல்லும்.

"தமிழ் கிறுக்கலா வருதுங்க"

இதுதான் நம் ஊருக்கே உரிய வியாதி. நான்கு விதமாக வரும். நான்குக்கும் மருந்து வேறு வேறு.

முதல் விதம்: ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளியும். 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரிந்தால் அது பாமினி. அச்சகத்து டிடிபி அண்ணன் அடித்துக் கொடுத்த ஆராதனை முறைமையை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். அவர் கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துரு இருக்கிறது, அதனால் அவருக்குத் தமிழாகத் தெரியும். மற்றவர்களுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துதான். வெப்சைட்டுக்கு எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோட் வேண்டும். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால் மாற்றியதும் அப்படியே போட்டுவிடாதீர்கள். பாமினி உரைக்கு நடுவில் உண்மையான ஆங்கிலம் இருந்தால், உதாரணமாக ஆயர் பெயருக்குப் பின்னால் வரும் பட்டம், கருவி அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். எங்கள் ஆயரின் இரண்டெழுத்துப் பட்டம் ஒரு நாள் முழுக்க அர்த்தமில்லாத இரண்டு தமிழ் எழுத்தாக முகப்பில் நின்றது. அவர் நல்லவர், சிரித்துவிட்டார். வடமொழி எழுத்துகளும் இடறும். நம் உரையில் அவைதான் அதிகம்: ஸ்தோத்திரம், கிறிஸ்து, ஜெபம், ஞானஸ்நானம். இந்தச் சொற்களை மட்டுமாவது தேடித் தேடிப் படித்துப் பாருங்கள். கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் பிரிந்து, கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், மாற்றும்போது வரிசை புரண்டுவிட்டது. அந்தச் சொல்லை அழித்து நீங்களே அடியுங்கள், அதுதான் சுருக்கு வழி.

இரண்டாம் விதம்: தலையில் சாய்கோடு வைத்த சின்ன 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' எழுதிய அடையாளமும் திரும்பத் திரும்ப வரும். இது யூனிகோட் தமிழ்தான், ஆனால் யுடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் இருக்கிறது என்று பிரவுசருக்கு யாரும் சொல்லவில்லை. ஹோஸ்டிங்கை மாற்றும்போது வரும் கோளாறு. பக்கத்தின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 அறிவிப்பு இருக்கிறதா, டேட்டாபேஸை (தளத்தின் எழுத்தெல்லாம் சேமித்திருக்கும் இடம்) ஏற்றும்போது அதே முறையில் ஏற்றினீர்களா என்று பாருங்கள். எழுத்து தொலையவில்லை, மீட்டுவிடலாம்.

மூன்றாம் விதம்: எல்லாம் கேள்விக்குறி. இதுதான் துக்கமான விஷயம். டேட்டாபேஸ் தமிழை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைச் சேமித்துவிட்டது. அதிலிருந்து தமிழை எடுக்க முடியாது. டேட்டாபேஸை யுடிஎஃப்8எம்பி4 முறைக்கு மாற்றிவிட்டு, பேக்கப்பிலிருந்து ஏற்றுங்கள், அல்லது மறுபடி அடியுங்கள். பண்டிகை வாழ்த்தில் யாராவது பூங்கொத்துச் சின்னம் போட்டதும் அந்தப் பதிவு மட்டும் சேமிக்க மறுத்தாலும் இதே மாற்றம்தான் மருந்து. தமிழ் எழுத்துக்கு மூன்று பைட் போதும், அந்தச் சின்னத்துக்கு நான்கு வேண்டும்.

நான்காம் விதம் கிறுக்கல் இல்லை, வெட்டு. 'கீ' எழுத்தின் தலையும் 'கு' எழுத்தின் காலும் அறுந்து தெரியும். ஆங்கிலத்துக்கென்று செய்த 'தீம்' என்ற தள வடிவமைப்பில் வரி உயரம் குறைவு. அதை 1.6-க்கு மேல் ஏற்றுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் மாதிரி ஓர் எழுத்துருவைப் போடுங்கள். முடிந்தது.

"ராத்திரி பன்னெண்டுக்குப் போட்டது விடிஞ்சுதானுங்க வந்துச்சு"

கிறிஸ்துமஸ் வாழ்த்தையும், அதிகாலை ஆராதனை நேரத்தையும் 25-ஆம் தேதி நள்ளிரவுக்கு ஷெட்யூல் செய்துவிட்டுத் தூங்கினேன். சபையார் நாலரை மணி ஆராதனைக்கு வந்து, கேக் சாப்பிட்டு, வெளியே நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, சரியாக ஐந்தரைக்கு வெப்சைட்டில் வாழ்த்து வந்தது.

ஐந்தரை என்ற அந்தக் கணக்கிலேயே விடை இருக்கிறது. வேர்ட்பிரஸை நிறுவியபடியே விட்டால் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். செட்டிங்ஸில் பொதுப் பகுதியில் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று வையுங்கள்.

அதை மாற்றியும் சில நேரம் தாமதமாகிறதா? வேர்ட்பிரஸின் உள் கடிகாரம் யாராவது தளத்தைத் திறந்தால்தான் அசையும். பெரிய தளங்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. நம் தளத்துக்கு நள்ளிரவில் யார் வரப்போகிறார்கள்? ஹோஸ்டிங் பேனலில் 'கிரான் ஜாப்' என்று இருக்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தின் கிரான் ஃபைலை அதுவே தட்டி எழுப்பும்படி வைத்துவிடுங்கள்.

"லைவ் ஓடலைங்க"

முதல் தடவை என்றால்: யூடியூபில் லைவ் வசதியை இயக்கச் சொன்ன பிறகு 24 மணி நேரம் வரை ஆகலாம். சனிக்கிழமை ராத்திரி சேனல் தொடங்கி ஞாயிறு காலை லைவ் போடலாம் என்று நினைக்காதீர்கள். போனிலிருந்து லைவ் போட 50 சந்தாதாரர் வேண்டும். பாடகர் குழுவும் பெண்கள் ஐக்கிய சங்கமும் சேர்ந்தால் ஒரே ஆராதனையில் அந்த 50 வந்துவிடும்.

யூடியூபில் ஓடுகிறது, வெப்சைட்டில் மட்டும் ஓடவில்லை என்றால்: போன வாரத்து வீடியோவின் முகவரியைத்தான் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு லைவுக்கும் முகவரி வேறு. சேனல் ஐடியை வைத்து எழுதும் நிரந்தர லைவ் எம்பெட் முகவரி, அதாவது வெப்சைட்டுக்குள் வீடியோவைப் பதிக்கும் முகவரி, ஒன்று இருக்கிறது. அதை ஒருமுறை போட்டுவிட்டால் வாராவாரம் மாற்ற வேண்டியதில்லை. லைவ் பொதுவில் இருக்க வேண்டும், எம்பெட் அனுமதி இயங்கியிருக்க வேண்டும்.

பிரசங்கத்தின் நடுவில் அறுந்து போகிறது என்றால் இணையத்தைத் திட்டுவதற்கு முன் கரண்டைப் பாருங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடியில் ரௌட்டர் அணைந்துவிடும். திரும்ப எழுந்து இணைய இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். ரௌட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள். கேமராவுக்குச் செலவழிப்பதற்கு முன் அதை வாங்குங்கள்.

பாட்டு மட்டும் ஊமையாகிவிட்டதா? கீர்த்தனை பழசாக இருக்கலாம். எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் இந்தியாவில் பாட்டுக்கு உரிமை முடிந்துவிடும். ஆனால் பின்னால் ஓடவிட்ட கரோக்கி டிராக்கை யாரோ அண்மையில் பதிவு செய்திருப்பார்கள். அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. கீபோர்டு தம்பியையே வாசிக்கச் சொல்லுங்கள்.

"ஜெப விண்ணப்பம் எழுதினேன், ஐயருக்கு வரலைங்களாம்"

ஐயர் என்று இவர்கள் சொல்வது ஆயரைத்தான். படிவத்தில் எழுதியது மெயிலாகக் கிளம்பியிருக்கும், போய்ச் சேர்ந்திருக்காது. முதலில் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். அனுப்புநர் எழுதிய முகவரியையே அனுப்பும் முகவரியாகப் படிவம் பயன்படுத்தினால், அது போலி என்று ஜிமெயில் சந்தேகப்படும். அனுப்பும் முகவரி உங்கள் டொமைனில் இருக்க வேண்டும், எழுதியவர் முகவரி பதில் முகவரியில் இருக்க வேண்டும். மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்து வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனில் சேருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாமல் வரும் மெயிலை ஜிமெயில் திருப்பி விடலாம். கடைசியாக, ஒரு எஸ்எம்டிபி பிளகின் போட்டு முறையான மெயில் கணக்கு வழியாக அனுப்புங்கள்.

இது சின்னக் கோளாறு. பெரிய கோளாறு வேறு. பக்கத்து ஊர்ச் சபை ஒன்றில் ஜெப விண்ணப்பங்களைப் பதிவாகச் சேமிக்கும் பிளகின் போட்டிருந்தார்கள். வந்ததெல்லாம் பொதுப் பக்கமாகச் சேமித்துவிட்டது. ஓர் அம்மா தன் மகள் கல்யாணம் தள்ளிப்போவதையும், அதற்கான வைத்தியக் காரணத்தையும் ஆயருக்கு மட்டும் என்று நினைத்து எழுதியிருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரோ அந்தப் பெண்ணின் பெயரைக் கூகுளில் தேடியபோது அதுதான் வந்தது. அன்றைக்குச் செயலர் பேசிய குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

உங்கள் படிவத்தில் நீங்களே ஒரு சோதனை விண்ணப்பம் எழுதிவிட்டு, லாகின் செய்யாத பிரவுசரில் அந்த வாசகத்தைத் தளத்துக்குள் தேடுங்கள். கிடைத்தால் உடனே படிவத்தை எடுங்கள், பதிவுகளை அழியுங்கள், கூகுள் தேடலில் உங்கள் தளத்தைக் கவனிக்க உதவும் 'கூகுள் சர்ச் கன்சோல்' பக்கத்தில் அந்த முகவரிகளை நீக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் ஜெப விண்ணப்பப் படிவமே வேண்டாம். ஆயர் நம்பரும், அவர் எந்த நேரத்தில் பேசுவார் என்பதும் போதும்.

"காணிக்கை அனுப்பினேன், ரசீது வரலைங்க"

கியூஆர் படத்தை நீங்களே ஸ்கேன் செய்து, பணம் அனுப்பும் முன் வரும் பெயரைப் படியுங்கள். சபைப் பெயர் வர வேண்டும். முன்னாள் பொருளாளர் பெயர் வந்தால், அவர் தன் சொந்த யுபிஐயில் எடுத்த கியூஆரைத்தான் இத்தனை நாள் போட்டு வைத்திருக்கிறீர்கள். அவர் யோக்கியர்தான், கணக்கும் வைத்திருப்பார், ஆனாலும் இன்றைக்கே மாற்றுங்கள். முன்பின் தெரியாத பெயர் வந்தால் தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். கியூஆரை எடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

வெளிநாட்டிலிருந்து அனுப்ப முடியவில்லை என்று யாராவது சொன்னால் அந்த வசதியை அவசரப்பட்டுத் திறந்துவிடாதீர்கள். இந்தியக் குடிமகன் அங்கே சம்பாதித்த தன் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் ஆகும். அதற்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவும், டெல்லியில் எஸ்பிஐயின் குறிப்பிட்ட கிளையில் கணக்கும் வேண்டும். ஆடிட்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

"கூகுள்ல நம்ம சபை பேருக்குக் கீழ ஜப்பான் எழுத்து வருதுங்க"

ஹேக் ஆகிவிட்டது. காசு கொடுத்து வாங்க வேண்டிய 'தீம்' ஒன்றை இலவசமாகத் தருகிறேன் என்று சொன்ன இடத்திலிருந்து இறக்கினீர்களா? அதற்குள்ளேயே திருட்டு வாசல் இருக்கும். கூகுளில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியை எழுதித் தேடினால் எத்தனை போலிப் பக்கம் முளைத்திருக்கிறது என்று தெரியும்.

ஹோஸ்டிங், டேட்டாபேஸ், அட்மின் மூன்று பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். தெரியாத அட்மின் பயனரை நீக்குங்கள். வேர்ட்பிரஸை அதிகாரப்பூர்வ இடத்திலிருந்து புதிதாக நிறுவுங்கள், அந்தத் 'தீம்' கோப்பைத் தூக்கி எறியுங்கள், ஹேக் ஆவதற்கு முந்தைய பேக்கப்பை ஏற்றுங்கள். சர்ச் கன்சோலில் உரிமையாளர் பட்டியலையும் பாருங்கள். புகுந்தவன் அங்கேயும் தன்னைச் சேர்த்திருப்பான்.

சின்னச் சின்னது

மெதுவாகத் திறக்கிறது: அறுப்பின் பண்டிகைப் படங்கள்தான். வாழைத்தார், மஞ்சள் கொத்து, ஏலத்துக்கு வந்த சேவல் என்று நாற்பது படம். போனில் எடுத்தது ஒவ்வொன்றும் 4 எம்பி. அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்தால் 200 கேபிக்குள் அடங்கும். படம் படுத்துக்கொண்டு தெரிந்தால் எடிட்டரில் திறந்து ஒருமுறை திருப்பிச் சேமியுங்கள். ஐபோன் படம் ஏறவே இல்லை என்றால் அது எச்இஐசி வகை, ஜேபெக்காக மாற்றுங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் படத்துக்குப் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லாரையும் பிள்ளைகள் என்றுதான் கணக்கு வைக்கிறது.

மேப் வேறு ஊருக்குக் கூட்டிப்போகிறது: நம் பக்கம் புதுப்பாளையம் ஒன்றா இரண்டா? கோயம்புத்தூரிலேயே ராமநாதபுரம் இருக்கிறது, அங்கே சீரோ மலபார் மறைமாவட்டமே இருக்கிறது. பெயரை மட்டும் நம்பி வருகிறவரைக் கடல் பக்கம் அனுப்பிவிடும். வெப்சைட்டில் ஊர்ப் பெயரை எழுதித் தேட விடாமல், கோயில் வாசலில் நின்று மேப்பில் குத்திய இடக்குறியின் இணைப்பை ஒட்டுங்கள்.

"ஐயரு மாறி ரெண்டு மாசமாச்சு, இன்னும் பழைய ஐயருதானுங்க இருக்காரு"

மாற்றிவிட்டேன், ஆனால் மாறவில்லை என்றால் அது கேஷ், அதாவது வேகமாகத் திறப்பதற்காகச் சேமித்து வைத்த பழைய நகல். பிரவுசரில் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே புதியவர் தெரிந்தால் உங்கள் பிரவுசர்தான் பழசைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அங்கேயும் பழையவர் என்றால் கேஷ் பிளகினில் எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தானை அழுத்துங்கள், அப்புறம் ஹோஸ்டிங்கில் தனியாக ஒரு கேஷ் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றவே இல்லை என்பதும் உண்டு. எங்கள் சபையில் முகப்பில் படம், பெயர் எல்லாம் மாற்றிவிட்டேன். நம்பர் மூன்று இடத்தில் இருந்தது: தொடர்புப் பக்கம், எல்லாப் பக்கத்துக்கும் அடியில் வரும் வரி, கூகுளில் சபையின் பிசினஸ் பதிவு. நான் மாற்றியது முதலாவதை மட்டும். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வீட்டில் பெரியம்மா தவறிவிட்டார். வெளியூரிலிருந்து வந்த பேரன் கூகுளில் தேடி, எங்கள் வெப்சைட்டின் அடியில் பார்த்து நம்பரைப் போட்டான். எடுத்தவர் பழைய ஆயர், குன்னூரில் இருக்கிறார். தூக்கக் கலக்கத்திலும் போனிலேயே ஜெபம் செய்துவிட்டு, புது ஆயரை அவரே கூப்பிட்டு எழுப்பி அனுப்பி வைத்தார். காலையில் அவரிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது: "தம்பி, கீழே இருக்கிற நம்பர்."